உங்களுக்குத் தெரியுமா? விஸ்கியில் ஆஸ்பத்திரி வாசம்!

ஸ்காட்லாந்தின் ஐலா தீவு விஸ்கியைச் சுவைத்த ரசிகர்கள் எழுதும் குறிப்புகள் வேடிக்கையானவை: டிஞ்சர், பேண்டேஜ், கடற்பாசி, அடுப்புப் புகை! வெறும் கற்பனை இல்லை. அங்கே பல ஆலைகளுக்கான முளைகட்டிய பார்லியை, மக்கிய செடிகளாலான ‘பீட்’ மண்ணை எரித்து, அந்தப் புகையில் உலர்த்துகிறார்கள். புகையிலுள்ள பீனால்கள் தானியத்தில் ஒட்டிக்கொண்டு கிளாஸ் வரை வந்துவிடுகின்றன.

சொட்டுத் தண்ணீர் விட்டு முகர்வதும் பந்தா அல்ல. புகைமணம் தரும் குவயகால் மூலக்கூறுகள், ஆல்கஹால் 45 சதவீதம் வரை உள்ள கலவையில் மேற்பரப்பிலேயே திரள்கின்றன. 59 சதவீதத்தைத் தாண்டினால் உள்ளே அமிழ்ந்துவிடுகின்றன. 2017இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணினி மாதிரி மூலம் இதைக் காட்டினார்கள். விஸ்கிகளைக் கலக்கும் நிபுணர்களோ ஆல்கஹாலைச் சுமார் 20 சதவீதத்துக்கு நீர்க்கச் செய்து, பெரும்பாலும் குடிக்காமல் மூக்காலேயே தரம் பார்க்கிறார்கள்.