மெட்டுக்குள் சொல்

நுழையும்முன்

பாட்டெழுதிப் பார்க்க விரும்புவோர் பலர். முதல் வரியோடு நின்றுவிடுவோரும் பலர். அது பிறவியிலேயே வாய்க்க வேண்டிய வரம் என்னும் எண்ணமே அவர்களை நிறுத்துகிறது. தமிழ் மரபோ பாட்டெழுதுதலைக் கற்றுக்கொள்ளத்தக்க கலையாகவே கருதி, அதற்கு நூல்களையும் பயிற்சி முறைகளையும் வகுத்துள்ளது.

சென்னையின் மேற்குப் புறநகரில், ஆவடியை அடுத்துள்ளது சேக்காடு. அங்கிருந்து கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில் திருமுல்லைவாயில் இருக்கிறது. கண்ணொளி இழந்து திருவொற்றியூரை நீங்கிய சுந்தரர் இத்தலத்தில் பாடிய பதிகம் தக்கேசிப் பண்ணில் அமைந்தது. பல நூற்றாண்டுகள் கழித்து அருணகிரிநாதரும் இதே ஊரைத் திருப்புகழில் பாடினார். அவர் பாடல்கள் சந்தத்தில் அமைந்தவை. ஊர் ஒன்று, பாட்டின் கட்டுமானம் வேறு. இந்த வேறுபாட்டைக் காதால் உணர்பவர் பாட்டெழுதும் கலையின் வாயிலை அடைந்துவிட்டார் எனலாம்.

நூலைத் தேடிய காலம்

யாப்பிலக்கணம் கற்பதற்குத் தமிழில் நெடுங்காலம் வழிகாட்டிய நூல் அமிதசாகரரின் யாப்பருங்கலக்காரிகை. இசையறிஞரான தந்தைக்குப் பிறந்த உ.வே.சாமிநாதையர் இளமையில் இதைக் கற்க எளிதில் இடம் கிடைக்கவில்லை. மகனின் தமிழ்க் கல்விக்காகவே குடும்பம் ஊர் ஊராகக் குடிபெயர்ந்தது. செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் அவர் காரிகைப் பாடம் கேட்டார். 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவரானார். ஆசிரியர் இருக்கும் ஊரை நாடிச் செல்ல இயலாதவருக்கு அக்காலத்தில் யாப்பு எட்டாத பொருளாகவே இருந்தது. காரிகை கற்றுக் கவி பாடுவதைவிடப் பேரிகை கொட்டிப் பிழைப்பது மேல் என்று கூறும் பழமொழியும் கற்க வந்தவரை மிரட்டியிருக்கும்.

இருபதாம் நூற்றாண்டில் இந்நிலை மாறியது. புலவர் குழந்தையின் ‘யாப்பதிகாரம்’, கி.வா.ஜகந்நாதனின் ‘கவி பாடலாம்’, அ.கி.பரந்தாமனாரின் ‘கவிஞராக’ ஆகிய நூல்கள் தொடக்க நிலையினருக்காக எளிய உரைநடையில் எழுந்தன. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய இலக்கண நூல்களைக் கட்டணமின்றிப் படிக்கலாம். சேக்காட்டில் வாழும் ஒரு மாணவர் காரிகைக்காக ஊர்விட்டு ஊர் செல்ல வேண்டியதில்லை. ஆனால், நூலைப் படிப்பது வேறு. அந்நூல் காதில் பதிவது வேறு.

தொடர்வண்டிப் பாதையில் யாப்பு

யாப்பின் முதற்பாடம் அசை பிரித்தல். அதற்குச் செய்யுள் நூலைத் திறக்க வேண்டும் என்பதில்லை, ஊர்ப்பெயர்களே போதும். சேக்காடு என்பதைச் சேக் / கா / டு எனப் பிரித்தால் நேர் நேர் நேர்; அது தேமாங்காய். அம்பத்தூரும் (அம் / பத் / தூர்) தேமாங்காயே. பூந்தமல்லி கூவிளங்காய், பட்டாபிராம் தேமாங்கனி. ஆவடியும் அதற்கு முந்தைய நிலையமான அண்ணனூரும் நேர் நிரை என அமைந்த கூவிளச் சீர்கள். பள்ளிக்குச் செல்லும் வழியில் கடைப் பலகைகளையெல்லாம் இவ்வாறு அலகிட்டுப் பழகும் மாணவருக்கு ஒரு மாதத்தில் அசை கைவந்துவிடும்.

இனி அண்ணனூர், ஆவடி என்னும் இரு பெயர்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். இரண்டும் கூவிளமாக இருந்தும் ஓசை ஒன்றாக இல்லை. ‘அண்’ என்னும் குறிலொற்றையும் ‘ஆ’ என்னும் நெடிலையும் யாப்பு ஒரே நேரசையாகக் கொள்கிறது. சந்தமோ இரண்டையும் வேறுபடுத்துகிறது. ஆவடி ‘தானன’, அண்ணனூர் ‘தன்னனா’. கட்டு, கன்று, கண்ணி, கள்ளி என்னும் நான்கும் யாப்பில் தேமா. சந்தத்திலோ தத்த, தந்த, தன்ன, தய்ய என நான்கு வகை. வல்லொற்றும் மெல்லொற்றும் இடையொற்றும் தத்தம் ஓசையைப் பாட்டுக்குக் கொடுப்பதே இதற்குக் காரணம். வெண்பா எழுதப் பழகிய ஒருவர், மெட்டுக்கு எழுதும்போது “இலக்கணம் சரியாக இருந்தும் பாட வரவில்லையே” என்று திகைப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

தத்தகாரம்

திருப்புகழ்ப் பதிப்புகளில் ஒவ்வொரு பாடலுக்கும் மேலே சந்தக்குழிப்பு அச்சிடப்பட்டிருக்கும். பாடலின் பொருளை நீக்கிவிட்டு ஓசையை மட்டும் நிறுத்திக் காட்டும் வரைபடம் அது. இன்றைய திரையிசையிலும் இசையமைப்பாளர் மெட்டைத் தத்தகாரமாகப் பாடிக் காட்ட, பாடலாசிரியர் அதற்குச் சொல்லிடும் முறை பெருவழக்கு. கருவிகள் மாறினாலும் முறை பழையதே.

பயிற்சியாக, ‘தானன தானன தானனனா’ என்னும் சந்தத்தைக் கொள்வோம். கோடையில் வறண்ட ஏரியைப் பாட வேண்டும். ‘ஏரியில் தண்ணீர் இல்லை’ என்பதே மனத்தில் முதலில் தோன்றும். பொருள் தெளிவு, ஆனால் சந்தத்தில் அடங்கவில்லை. ‘தண்ணீர்’ மெல்லொற்றோடு வந்து ‘தன்னா’ என்கிறது. ‘இல்லை’ இடையொற்றோடு வந்து ‘தய்யா’ என்கிறது. இச்சொற்களை விலக்கி,

ஏரியி லோதுளி நீருமிலை

என்று மாற்றினால் ஏரியி (தானன), லோதுளி (தானன), நீருமிலை (தானனனா) எனப் பொருந்திவிடுகிறது. இறுதி ‘லை’ பாடும்போது நீளும். சந்தம் ‘தண்ணீரை’ மறுத்ததனால் ‘துளி’ வந்தது. துளி வந்ததனால் வறட்சி கண்முன் நிற்கிறது. ஓகாரம் ஏரியை மட்டும் பிரித்துக் காட்டுகிறது. மெட்டின் நெருக்கடி எப்போதும் இவ்வாறு நன்மையில் முடியும் என்பதற்கில்லை. பொருளற்ற அசைச்சொற்களை இட்டு நிரப்பி, சொல்ல வந்ததைத் தொலைத்துவிட்ட பாடல்கள் ஏராளம். ஒரு வரிக்கு ஐந்தாறு மாற்றுகளை எழுதி, அவற்றுள் பொருளுக்கு நெருங்கியதைத் தெரிந்தெடுப்பதே பயிற்சி.

நீளும் இடமும் முறியும் இடமும்

தாளில் சரியாக அமைந்த வரியும் குரலில் தவறக்கூடும். மெட்டு நீளும் இடத்தில் குற்றியலுகரச் சொல் நின்றால் ‘பாட்டு’ என்பது ‘பாட்டூ’ ஆகிவிடும். அவ்விடத்தில் நெடிலில் முடியும் சொல் அமைந்தால் குரலுக்கு இடம் கிடைக்கும். மூச்சு விடும் இடத்தில் சொல் முறிவது இன்னொரு குறை. ‘தாமரை’ என்பதன் முதலெழுத்தில் மெட்டு நின்று, பிறகு தொடர்ந்தால் கேட்பவர் பூவைக் காணமாட்டார். யாரோ ‘தா’ என்று கேட்பதாகவும் ‘மரை’ என்னும் மான் வந்ததாகவும் கொள்வார். கீர்த்தனை எழுதுவோர் பல்லவிக்கும் அனுபல்லவிக்கும் இடையே எதுகை அமைப்பர். செவி அதைக் கொண்டே இரண்டையும் ஒன்றாகக் கோக்கும்.

இலக்கணமும் இசையும் எப்போதும் இணங்கிச் சென்றதில்லை. மாயூரத்தில் சாமிநாதையர் சிறிது காலம் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசை கற்றார். மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு அதில் விருப்பமில்லை என அறிந்து நிறுத்திக்கொண்டார். பாரதியார் தம் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டியபோதும், நூலில் இருந்த இலக்கணப் பிழைகளை எண்ணிப் பிள்ளை தட்டிக் கழித்துவந்தார். பாரதியார் அக்கீர்த்தனைகளைப் பாடக் கேட்டபின் மனம் உருகிப் பாயிரம் அளித்தார். இதனைக் கொண்டு இலக்கணம் வேண்டாம் என்பது பிழையான முடிவு. பாரதியார் இசையில் ஆழ்ந்த பயிற்சியுடையவர். அவர் செவியே அவருக்கு இலக்கணமாக இருந்தது. அச்செவி இன்னும் அமையாத தொடக்க நிலையினருக்கு நூல்தான் துணை.

பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் (1930–1959) மிகுதியான பள்ளிப் படிப்பு இல்லாதவர். நாட்டுப்புறப் பாடல்களின் ஓசையில் வளர்ந்து, பல தொழில்கள் செய்து, பின்னர்ப் பாரதிதாசனிடம் பழகித் தம்மைச் செம்மைப்படுத்திக்கொண்டார். உழைப்பவரின் பேச்சுச் சொற்களே அவருடைய திரைப்பாடல்களில் மெட்டுக்குள் இயல்பாக அமர்ந்தன. அவ்வியல்பை எய்த எத்தனை வரிகளை அடித்துத் திருத்த வேண்டும் என்பது எழுதிப் பார்ப்பவருக்கே தெரியும்.

எழுதி முடித்த பாடலைத் தாமே பாடிச் சரிபார்ப்பது போதாது. எழுதியவரின் குரல், குறை உள்ள இடத்தைத் தானறியாமல் சரிக்கட்டிவிடும். மெட்டை அறிந்த நண்பர் ஒருவரிடம் தாளைக் கொடுத்துப் பாடச் சொல்லி, அவர் தடுமாறும் இடத்தில் ஒரு கோடு இட்டால், மறுநாள் மாற்ற வேண்டிய சொல் எது என்பது தெரிந்துவிடும்.