இஎம்ஐ ஏறவே இல்லையா? வீட்டுக்கடன்ல இதை கவனிங்க!

விலைவாசியைக் கட்டுப்படுத்த, வங்கிகளுக்குத் தரும் கடனுக்கான ரெப்போ வட்டியை 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் 4 சதவீதத்தில் இருந்து 6.5 சதவீதமாக உயர்த்தியது ரிசர்வ் வங்கி. கடன் வாங்குவது குறைந்தால் விலையேற்றமும் தணியும் என்பது கணக்கு.

ஆனால் பலருக்கு வீட்டுக்கடன் இஎம்ஐ ஏறவில்லை. 'அப்பாடா'ன்னு விட்டுட முடியாது. வங்கிகள் தவணைக் காலத்தை நீட்டியிருந்தன.

30 லட்சம் கடன், 7 சதவீத வட்டி, 20 வருஷம் என்றால் இஎம்ஐ சுமார் 23,260 ரூபாய். வட்டி 9.5 சதவீதமானால், 30 லட்சத்துக்கு மாத வட்டியே 23,750 ரூபாய்! எத்தனை வருஷம் கட்டினாலும் அசல் குறையாது.

இப்படி ஆகக் கூடாது என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. இஎம்ஐயைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்பதைக் கடன் வாங்கியவரே தேர்வு செய்யலாம். இன்னும் எத்தனை தவணை பாக்கி என்பது வங்கியின் காலாண்டு அறிக்கையில் இருக்கும்.