அசிபியின் ரத்தம்

கொடைக்கானல் மலையிலுள்ள கூக்கால் ஏரிக்கரையில் நின்று நேர் மேற்கே ஒரு கோடு இழுத்தால், அது அரபிக்கடலைத் தாண்டி சோமாலியா, எத்தியோப்பியா, நைஜீரியா வழியாகக் கானாவின் வடபகுதிக்குப் போய்ச் சேரும். இரண்டு இடங்களும் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 10 டிகிரியில் இருக்கின்றன. நண்பகல் சூரியன் இரண்டு ஊருக்கும் ஒரே உயரத்தில்தான் நிற்கிறது. ஆனாலும் கூக்காலில் பட்டப்பகலில் கம்பளிக் குல்லா போட்டுக்கொண்டு பூண்டு வயலில் களை எடுக்கிறார்கள். வடகானாவிலோ மார்ச் மாத வெயில் 40 டிகிரியை நெருங்கும். உயரம்தான் காரணம். கூக்கால் ஏறத்தாழ 1,900 மீட்டரில் இருக்கிறது. கானாவின் மிக உயர்ந்த மலையான அஃபாஜாட்டோ, அதில் பாதிகூட இல்லை, 885 மீட்டர்தான்.

கூக்காலில் பூண்டு போடும் நண்பர் ஒருவர், கானாவில் வேலை பார்க்கும் மகனைப் பார்க்க ஒரு மாதம் போய்வரக் கிளம்புகிறார். டிக்கெட்டுக்கு முன்னால் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டாக வேண்டும் என்றதும் அவருக்கு ஒப்பவில்லை. “அண்ணே, கொசுவே அண்டாத ஊர்ல பொறந்து வளந்தவன் நான். எனக்கு எதுக்கு ஊசி, மாத்திரையெல்லாம்?” என்றார். அவருக்குச் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரை.

முதலில் மலேரியா. மலேரியாக் கிருமி, கொசுவின் வயிற்றுக்குள் போனவுடனே அடுத்த ஆளுக்குத் தொற்றிவிடாது. அங்கே முதிர்ந்து, பெருகி, கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பிவரை வந்து சேர வேண்டும். அதற்கு எத்தனை நாள் என்பதை வெப்பம் தீர்மானிக்கிறது. ஆப்பிரிக்காவில் அதிகம் கொல்லும் ஃபால்சிபாரம் வகைக்கு 25 டிகிரியில் சுமார் 12 நாள் போதும். 20 டிகிரியில் ஏறத்தாழ நான்கு வாரம். 18 டிகிரியில் எட்டு வாரம் ஆகிவிடும். கொசுவோ பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களில் செத்துவிடுகிறது. குளிர்ந்த மலையில் கிருமி பழுப்பதற்குள் கொசுவின் ஆயுள் முடிந்துவிடும். கூக்காலைக் காப்பது இந்தக் கணக்குதான்.

மதுரையிலிருந்த அமெரிக்கப் பாதிரிமார்கள் கீழ்நாட்டில் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தம்மவர்களைப் பறிகொடுத்து, 1845இல் கொடைக்கானலில் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். கெட்ட காற்றால் காய்ச்சல் வருகிறது என்று நம்பிய காலம் அது. மலேரியா என்ற இத்தாலியச் சொல்லுக்கே கெட்ட காற்று என்றுதான் பொருள். கொசுதான் காரணம் என்று ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டது 1897இல். காரணம் தெரியாமலே, சரியான உயரத்துக்கு ஏறியிருந்தார்கள்.

ஆனால் இந்தக் குளிர் காப்பது ஊரை, ஊர்க்காரரை அல்ல. கானாவில் ஒரு கொசு கடித்துவிட்டால், அதன்பின் கிருமி வாழப்போவது அவருடைய உடம்பின் 37 டிகிரியில். கூக்கால் திரும்பி மூன்று கம்பளி போர்த்தினாலும் அதற்கு ஒன்றுதான். அதனால்தான் தடுப்பு மாத்திரையைப் போகும் முன்பே தொடங்கி, திரும்பி வந்த பிறகும் மருந்தைப் பொறுத்து ஒரு வாரமோ நான்கு வாரமோ விழுங்கச் சொல்கிறார்கள்.

மஞ்சள் காய்ச்சலின் கதை வேறு. அதைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசு நமக்குப் புதிதல்ல; டெங்குவைத் தருகிற அதே கொசு. அதன் பூர்வீகம் ஆப்பிரிக்கா. சஹாராவின் ஓரத்தில் மழையில்லாத நீண்ட மாதங்களில் மனிதர்கள் பானையில் சேமித்த தண்ணீரை நம்பி, காட்டுக்கொசு வீட்டுக்கொசுவானது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அடிமைக் கப்பல்களில் அமெரிக்கக் கண்டங்களுக்குப் போய், பின்னர் ஆசியாவுக்கும் வந்து சேர்ந்தது. இன்று தமிழ்நாட்டில் வீட்டுத் தொட்டியிலும் பழைய டயரிலும் முட்டையிடுகிறது. கொசு வந்துவிட்டது, நோய் மட்டும் இந்தியாவுக்குள் இதுவரை பரவவில்லை. ஏன் பரவவில்லை என்பதற்கு முழுமையான விடை இன்னும் இல்லை. அதனால்தான், நோயுள்ள நாடுகளிலிருந்து தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் வருகிறவர்களை ஆறு நாள்வரை தனிமைப்படுத்தி வைக்கிறார்கள். கிருமி உடம்புக்குள் போனால் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு நாளுக்குள் காய்ச்சல் காட்டிவிடும்.

இனி அந்த ஊசி. 1927 ஜூன் 30 அன்று, அப்போது தங்கக் கடற்கரை எனப்பட்ட கானாவில், அஃபாஜாட்டோ மலை இருக்கும் அதே வோல்டாப் பகுதியிலுள்ள க்பேவே என்ற ஊரில், அசிபி என்ற 28 வயது இளைஞருக்கு லேசான காய்ச்சல். ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் ஆய்வுக்குழு மருத்துவர் அவரிடம் கொஞ்சம் ரத்தம் எடுத்தார். அதுவரை சோதனைக்கூடத்தில் எந்த விலங்கிலும் இந்த நோயை உண்டாக்க முடியவில்லை. ஆப்பிரிக்கக் குரங்குகள் அந்தக் கிருமியோடு காலங்காலமாகப் பழகியவை. நோய் காட்டாமல் தாங்கிக்கொள்ளும். அசிபியின் ரத்தத்தை ஓர் ஆசியக் குரங்குக்குச் செலுத்தினார்கள். நம் நாட்டின் வடபகுதியில் திரியும் ரீசஸ் குரங்கு, பழனி மலையில் நாம் பார்க்கும் நாட்டுக்குரங்கின் நெருங்கிய சொந்தம். அந்தக் கிருமியை முன்பு கண்டிராத அதன் உடம்பு தாங்கவில்லை. கிருமி பிடிபட்டது அப்படித்தான்.

அசிபி பிழைத்துக்கொண்டார். அந்த ஆய்வில் இறங்கிய சிலருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஏட்ரியன் ஸ்டோக்ஸ் அதே ஆண்டு செப்டம்பரில் லாகோஸில் மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். ஹிடேயோ நோகுச்சியும் வில்லியம் யங்கும் 1928 மே மாதத்தில் ஒன்பது நாள் இடைவெளியில் அக்ராவில் இறந்தார்கள். பிறகு நியூயார்க்கில் மேக்ஸ் டைலரும் அவருடைய கூட்டாளிகளும் அசிபியின் கிருமியை முதலில் எலிக் கருவிலும் பிறகு கோழிக் கருவிலுமாக ஏறத்தாழ இருநூறு முறை வளர்த்தார்கள். வழியில் எங்கோ அது கொல்லும் குணத்தை இழந்தது. உடம்புக்கு எதிர்ப்பைக் கற்றுக்கொடுக்கும் குணம் மட்டும் தங்கியது. 17டி என்ற அந்தத் தடுப்பூசி 1937இல் வந்தது. டைலருக்கு 1951இல் நோபல் பரிசு. இன்று உலகில் போடப்படும் ஒவ்வொரு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியும் அசிபியின் ரத்தத்திலிருந்து வந்த அதே கிருமியின் வழித்தோன்றல்.

நண்பர் சென்னைக்குப் போய் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொள்ளலாம் என்றேன். அங்கே முட்டை ஒத்துக்கொள்ளுமா என்று கேட்பார்கள். மருந்து இன்றும் கோழிக் கருவில் வளர்வதால் அந்தக் கேள்வி. குப்பியில் இருப்பது உலர்ந்த தூள். நீர்மத்தில் கரைத்தபின் சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், உள்ளே இருப்பது உயிருள்ள கிருமி. ஒரு குப்பி பல பேருக்கானது என்பதால் நாள் கேட்டுக்கொண்டு போவது நல்லது. அரை மில்லிதான். கையில் தரும் மஞ்சள் அட்டை பத்தாம் நாளிலிருந்து செல்லும். உடம்பு எதிர்ப்பைக் கட்டி முடிக்க அவ்வளவு நாள் வேண்டும். 2016 ஜூலையிலிருந்து அந்த அட்டைக்கு ஆயுள் முழுக்க மதிப்பு உண்டு.

எந்த மாதம் போவது என்றும் கேட்டார். டிசம்பர், ஜனவரியில் மழை இருக்காது, ஆனால் சஹாராவிலிருந்து ஹார்மட்டான் காற்று வீசும். மெல்லிய புழுதி வானத்தை மூடி, சூரியனை வெளிறிய வட்டமாக்கிவிடும். தூரத்தில் பார்த்தால் கூக்கால் பனிமூட்டம் போலத்தான் தெரியும். ஆனால் பக்கத்தில் போனால் ஈரம் ஒரு பொட்டுகூட இருக்காது. உதடு வெடிக்கும்.

“க்பேவேக்கும் ஒரு எட்டுப் போய்ட்டு வந்துர்றேண்ணே” என்றார் நண்பர். “அந்த ஊரு மருந்து நம்ம உடம்புல இருக்கும்ல.”