பவளமும் விளக்கொளியும்

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 அடி உயரத்தில் அமைந்த நம் கண்டி மாநகரிலும் கடலுயிர் வளர்ப்பார் உளர். என்னிடம் தமிழ் பயின்ற பழைய மாணவர் ஒருவர் கட்டுகஸ்தோட்டையில் தம் இல்லத்தில் உப்புநீர்க் கண்ணாடித் தொட்டி ஒன்று வைத்துள்ளார். அதில் மென்பவளங்கள் நான்கினை இட்டு, மலைநாட்டு மழைக்காலத்தில் ஒளி போதாதெனக் கருதி, புதிய எல்.ஈ.டி. விளக்கொன்றை முழு ஆற்றலுடன் எரியவிட்டார். பத்து நாளில் நான்கும் வெளிறின. "பவளம் சிவப்பென்று படிப்பித்தவர் நீங்கள்தானே, ஐயா, இவை வெள்ளையாகிவிட்டனவே!" என்றார். அவர் நகைத்துக் கூறினாராயினும் முகத்தில் கவலை இருந்தது.

பழந்தமிழர் துகிர் என வழங்கிய செம்பவளம் வேறு, இது வேறு. அணிகலனாகும் செம்பவளம் ஒளி மங்கிய இடங்களிலும் ஆழ்நீரிலும் வாழ்வது. வெயிலை நம்பி வாழ்வதன்று. தொட்டியில் வளர்ப்பனவோ பெரும்பாலும் வெயிலை நம்பி வாழ்வன. பவளம் விலங்கினத்தைச் சேர்ந்ததாயினும், அதன் தசைக்குள் கண்ணுக்குப் புலனாகாத அல்காக்கள் குடியிருக்கின்றன. அவை ஒளித்தொகுப்பினால் ஆக்கும் உணவின் பெரும்பகுதியைத் தமக்கு இடந்தந்த பவளத்துக்கே அளிக்கின்றன. பவளத்தின் கழிவை உரமாகக் கொள்கின்றன. இத்தகைய விருந்தோம்பலை நிலத்திற் காண்டல் அரிது.

ஒளி மிகுந்தால் அல்காக்களுள் தீங்கு விளைக்கும் ஒட்சிசன் வகைகள் தோன்றும். அந்நிலையிற் பவளம் விருந்தினரை வெளியேற்றிவிடும். வண்ணத்தின் பெரும்பகுதி அவர்களுடையதாதலின் வெண்மையே எஞ்சும். வெளிறிய பவளம் இறந்ததன்று, பட்டினி கிடப்பது. வெப்பம் மிகுந்தாலும் இதுவே நிகழும். 1998ஆம் ஆண்டு கடல் சூடேறியபோது இக்கடுவைப் பவளப்பாறைகள் வெளிறி அழிந்தமை பலர் அறிந்ததே. ஒளி குறைந்தாலோ பவளம் கரும்பழுப்பாகி, விளக்கை நோக்கி நீண்டு மெலியும்.

அங்ஙனமாயின் எவ்வளவு ஒளி வேண்டும்? கண்ணை நம்புதல் கூடாது. கண் எவ்வொளிக்கும் தன்னை இசைவித்துக்கொள்ளும். இலக்சுக் கணக்குங்கூட மனிதக் கண்ணுக்காக வகுக்கப்பட்டதே. நீலம் மிகுந்த விளக்கை அது குறைத்துக் காட்டும். ஒளித்தொகுப்புக்குப் பயன்படும் ஒளியை ஒரு சதுர மீற்றருக்கு ஒரு செக்கனில் இத்தனை மைக்குரோமூல் என அளக்கும் கருவி உண்டு. உச்சி வெயில் ஏறத்தாழ 2,000. மென்பவளங்களுக்கு 50 முதல் 150 வரை போதும். கிளைவிடும் சிறுவாய்க் கற்பவளங்களே 200 முதல் 350 வரை வேண்டுவன. கருவியை நீர்ப்பரப்பில் பிடிப்பதாற் பயனில்லை. பவளம் இருக்கும் இடத்திலேயே வைத்து அளத்தல் வேண்டும். நம் மாணவர் இரவற் கருவி பெற்று அளந்தபோது அது 400ஐக் காட்டியது!

விளக்கைத் தணித்து, மேலே கொசுவலைத் துணி இரண்டு மடிப்பு விரித்தோம். பின்னர் வாரந்தோறும் சிறிது சிறிதாக ஒளியைக் கூட்டினோம். எப்புதிய பவளத்தையும் பாதி ஒளியிலே தொடங்கி, மூன்று நான்கு வாரங்களிற் பழக்குதலே முறை. நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மணி நேர ஒளி அமையும். சன்னலருகே தொட்டியை வைத்தல் தவறு. வெயில் நீரைச் சூடாக்கும், வேண்டாப் பாசியும் படரும். நீரின் வெப்பம் 25, 26 பாகை செல்சியசு நன்று. இதிற் கண்டியின் குளிர்ச்சி நமக்குத் துணையே.

ஈண்டு மற்றொன்றும் கூறல் வேண்டும். நம் நாட்டுக் கடலில் முருகைக்கல்லைப் பெயர்த்தெடுப்பது சட்டத்தால் தடுக்கப்பட்டது. நிலாவெளிக்குச் சுற்றுலாச் செல்லும் மாணவர்கள் புறாத்தீவிலிருந்து ஒரு துண்டும் எடுத்து வரலாகாது. அத்தீவு 2003 முதல் தேசியப் பூங்காவாகும்.

கட்டுகஸ்தோட்டைத் தொட்டியில் இப்போது விளக்கு காலை பத்து மணிக்கு எரிந்து மாலை ஏழு மணிக்கு அணைகின்றது. வெளிறிய நான்கனுள் மூன்று இரண்டு மாதங்களில் பழைய நிறம் பெற்றன. நான்காவது கரைந்து போயிற்று. அது இருந்த கல்லை அவர் இன்னும் எடுக்கவில்லை.