திருத்தணியில் வீட்டை விற்பனைக்கு ஆயத்தப்படுத்தல்

வீட்டை விற்பனைக்கு ஆயத்தப்படுத்தல் என்பது, ஒரு வீட்டை வாங்குவோருக்குக் காட்டும் முன் அதன் கட்டிடத்தையும் உரிமை ஆவணங்களையும் சீர்செய்து வைக்கும் பணியாகும். அமெரிக்கா, பிரித்தானியா போன்ற குளிர் நாடுகளில் மார்ச் முதல் மே வரையிலான வசந்த காலமே வீட்டு விற்பனையின் முதன்மைப் பருவம். அங்கு தோட்டத்தைத் திருத்துவதும் அறைகளை ஒழுங்குபடுத்துவதும் ஆயத்தத்தின் பெரும்பகுதி. தமிழ்நாட்டில் பெரும்பகுதி ஆவணங்களைச் சார்ந்தது. திருவள்ளூர் மாவட்டத்தில் ஆந்திர எல்லைக்கு அருகில் உள்ள திருத்தணியில் இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். இவ்வூர் இரண்டு மாநிலங்களின் நிருவாகத்தில் இருந்துள்ளது.

விற்பனைப் பருவம்

தமிழ் மரபில் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும் ஆகும். ஆனால் வீட்டு விற்பனை தை மாதத்திலேயே சூடுபிடிக்கிறது. மார்கழியிலும் ஆடியிலும் பத்திரப்பதிவையும் புதுமனை புகுதலையும் பலர் தவிர்ப்பதால், தை பிறந்ததும் காத்திருந்த பதிவுகள் ஒன்றாக வருகின்றன. முகூர்த்த நாட்களில் கூட்டம் மிகுவதால் சார்பதிவாளர் அலுவலகங்களில் கூடுதல் டோக்கன்கள் வழங்கப்படுகின்றன. ஏப்ரலில் பள்ளி ஆண்டு முடிந்து சூனில் மீண்டும் தொடங்குவதால், குடும்பத்துடன் இடம் மாறுவோர் அதற்குள் வீட்டை முடிக்க விரும்புவர்.

திருத்தணிக்குச் சென்னையிலிருந்து புறநகர் மின்தொடர் வண்டி வசதி உண்டு; சென்னை–திருப்பதி சாலையும் இவ்வழியே செல்கிறது. எனவே உள்ளூர்க்காரர் மட்டுமன்றி வெளியூராரும் இங்கு வீடு தேடுவர். ஊரை அறியாதவர் ஆவணத்தை நம்பியே வாங்க வேண்டியிருக்கும்.

ஊரின் எல்லை வரலாறும் பத்திரங்களும்

1911-இல் சித்தூர் மாவட்டம் உருவாகும் முன் திருத்தணி வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டத்துடன் ஆந்திராவுக்குச் சென்றது. ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்துக்கும், படாஸ்கர் பரிந்துரைக்கும் பின் இயற்றப்பட்ட 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணைந்தது. பின்னர் செங்கல்பட்டு மாவட்டத்திலும், 1997 முதல் திருவள்ளூர் மாவட்டத்திலும் உள்ளது.

இதனால் ஒரு பரம்பரை வீட்டின் பத்திரங்களை வரிசையாக அடுக்கினால், அந்த ஒரே வீடு நான்கு மாவட்டப் பெயர்களில் காணப்படலாம். பழைய பத்திரங்கள் தெலுங்கில் எழுதப்பட்டிருக்கவும் வாய்ப்புண்டு. அத்தகைய பத்திரத்தை, தெலுங்கு அறிந்த வழக்கறிஞரைக் கொண்டு மொழிபெயர்த்து வைப்பது முதல் பணியாகும்.

பழைய அளவுகளையும் சரிபார்க்க வேண்டும். ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஆந்திரப் பகுதியில் வழங்கும் அங்கணம் என்ற அளவு ஊருக்கு ஊர் மாறும்: பொதுவாகத் திருப்பதிப் பக்கம் 36 சதுர அடி, நெல்லூர்ப் பக்கம் 72 சதுர அடி. ஆகவே அங்கணக் கணக்கை மட்டும் நம்பாமல், பத்திரத்தில் உள்ள நீள அகலத்தையும் நான்கு எல்லைகளையும் தற்போதைய நில அளவை வரைபடத்துடன் ஒப்பிட வேண்டும்.

வில்லங்கச் சான்று

ஒரு சொத்தின் மீது குறிப்பிட்ட காலத்தில் பதிவான விற்பனை, அடமானம், தானம், பாகப்பிரிவினை முதலியவற்றைக் காட்டுவது வில்லங்கச் சான்று. வாங்குவோர் வழக்கமாக 30 ஆண்டுச் சான்றைக் கேட்பர். தலைமுறைகளாகக் கைமாறாத வீட்டுக்கு இந்த 30 ஆண்டுகளில் எந்தப் பதிவும் இராது. "வில்லங்கம் இல்லை" என்ற அச்சான்று, அக்காலத்தில் எந்தப் பரிவர்த்தனையும் பதிவாகவில்லை என்று மட்டுமே கூறும். வீடு யாருக்குச் சொந்தம் என்று கூறாது. உரிமை எவ்வாறு வந்தது என்பதை மூலப்பத்திரமே காட்டும். திருத்தணியில் அது 1960-க்கு முந்தியதாகவும் இருக்கலாம்.

வில்லங்கச் சான்றில் வராதவையும் உண்டு. உயில், பதிவு செய்யாத ஒப்பந்தம், நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள வழக்கு ஆகியவற்றை அதில் காண இயலாமல் போகலாம். வங்கிக் கடனுக்காகப் பத்திரங்களை ஒப்படைத்து அது பதிவாகியிருந்தால், கடன் அடைந்த பின் இரசீது ஆவணத்தையும் பதிவு செய்ய வேண்டும். கடனை அடைத்தும் இதைச் செய்யாத வீடு, சான்றில் அடமானத்தில் உள்ளதாகவே தோன்றும்.

வாரிசுகளின் ஒப்புதல்

தாத்தா அல்லது தந்தை பெயரிலேயே நின்றுவிட்ட வீடுகளில் பெரும் சிக்கல் இதுவே. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி, உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் சுயசம்பாத்தியச் சொத்தில் அவருடைய மனைவி, தாய், மகன்கள், மகள்கள் ஆகியோருக்குச் சம பங்கு உண்டு. கூட்டுக் குடும்பச் சொத்திலும் மகள்களுக்கு மகனுக்கு நிகரான உரிமையைத் தமிழ்நாட்டில் 1989-ஆம் ஆண்டுத் திருத்தமும், நாடு முழுவதும் 2005-ஆம் ஆண்டுத் திருத்தமும் அளித்தன.

எடுத்துக்காட்டாக, தாயும் தந்தையும் பாட்டியும் இறந்துவிட்ட நிலையில் தந்தையின் வீட்டுக்கு இரண்டு மகன்களும் இரண்டு மகள்களும் வாரிசுகள் என்க. மகன்கள் இருவர் மட்டும் கையொப்பமிட்டு விற்றால், வாங்கியவருக்குப் பாதி வீடே சேரும். மகள்கள் மீதிப் பாதிக்குப் பாகப்பிரிவினை வழக்குத் தொடரலாம். வாங்கியவரின் பணம் முடங்கும். உடன்பிறந்தோரின் உறவும் முறியும். "சீர் செய்து கட்டிக் கொடுத்தாயிற்று" என்ற வாதம் மகளின் பங்கை நீக்காது.

நகரி, புத்தூர், சித்தூர் என எல்லைக்கு அப்பால் வாழும் மகள்கள் நேரில் வர இயலாவிடில், தாம் வசிக்கும் பகுதியின் சார்பதிவாளர் முன்னிலையில் அதிகாரப் பத்திரம் எழுதித் தரலாம். பங்கு வேண்டாம் என்போர் விடுதலைப் பத்திரம் பதிவு செய்ய வேண்டும். வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்று யார் யார் வாரிசுகள் என்பதைக் காட்டும். அது தனியே உரிமைப் பத்திரம் ஆகாது.

அடிமனையும் பட்டாவும்

கோயில் ஊர்களில் கட்டிடம் ஒருவருக்கும், அது நிற்கும் அடிமனை கோயிலுக்கும் உரியதாக இருப்பதுண்டு. 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி, உரிய அனுமதியின்றிச் செய்யப்படும் கோயில் நில விற்பனை செல்லாது. சொத்து வரி இரசீதும் மின் இணைப்பும் மட்டும் நில உரிமைக்குச் சான்றாகா. மனை தனியார் பட்டாவில் உள்ளதா என்பதை வருவாய்த்துறைப் பதிவேட்டில் முதலில் உறுதிசெய்ய வேண்டும். பட்டா இறந்தவர் பெயரில் இருந்தால் பெயர் மாற்றத்துக்கு முன்னரே விண்ணப்பிக்க வேண்டும்.

கட்டிடச் சீரமைப்பு

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. அப்போது எங்கு ஒழுகுகிறது, எந்தச் சுவரில் ஓதம் ஏறுகிறது என்பதைக் குறித்துவைத்து, சுவர் காய்ந்த பின் தை, மாசியில் வேலை செய்வது நல்லது. ஈரச் சுவரின் மேல் வண்ணம் அடித்தால் சில மாதங்களில் உரியும். பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் மரக்கட்டைகளைக் கரையான் அரித்துள்ளதா என்றும், ஓட்டு வீடுகளில் உடைந்த ஓடுகள் உள்ளனவா என்றும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் கோடை வெப்பம் மிகுதியாகப் பதிவாகும் ஊர்களில் திருத்தணியும் ஒன்று. எனவே காற்றோட்டத்தையும் ஆழ்துளைக் கிணற்றின் கோடைக்கால நீர்வரத்தையும் வாங்குவோர் கேட்பர்.

குறையை மறைப்பதற்காகச் செய்யும் பூச்சு சீரமைப்பு ஆகாது. சாதாரணக் கவனத்தில் வாங்குவோருக்குப் புலப்படாத, ஆனால் தமக்குத் தெரிந்த முக்கியக் குறையை விற்பவர் சொல்ல வேண்டும் என்று 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு கூறுகிறது.

ஒப்பந்தமும் பதிவும்

விலை முடிந்ததும் கிரய ஒப்பந்தம் எழுதப்படும். தமிழ்நாட்டில் 2012-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி இதையும் பதிவு செய்ய வேண்டும். முன்பணமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமானவரிச் சட்டம் தடை செய்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் கிரயப் பத்திரத்துக்கான முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு ஆகும். இச்செலவை வழக்கமாக வாங்குபவர் ஏற்கிறார். விலை 50 இலட்சம் ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், வாங்குபவர் 1 விழுக்காட்டை வரியாகப் பிடித்தம் செய்து அரசுக்குச் செலுத்த வேண்டும்.

பணிகளின் வரிசை

தை மாதத்தில் விற்க நினைப்பவர் ஆவணிக்குள் பத்திரங்களைத் தேடி எடுக்கத் தொடங்குவது நலம். முதலில் மூலப்பத்திரம், பின்னர் வாரிசுகளின் ஒப்புதல், அடுத்துப் பட்டா மாற்றம், கடைசியாகச் சுண்ணாம்பும் வண்ணமும் என்பதே பொருத்தமான வரிசை. வண்ணம் அடிக்கப் பத்து நாள் போதும். எல்லை கடந்து வாழும் ஒரு பங்குதாரரின் கையொப்பத்தைப் பெறப் பல மாதங்கள் ஆகலாம்.