எஞ்சிய வாக்குகள் வென்ற ஆசனம்

2020 ஓகஸ்ட் பொதுத்தேர்தலில் வன்னித் தேர்தல் மாவட்டத்தின் 6 ஆசனங்களில் ஒன்று, 11,310 வாக்குகள் எடுத்த ஈபிடிபிக்குப் போனது. அதைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு, அதாவது 42,524 வாக்குகள் எடுத்த பொதுஜன பெரமுனவுக்கும் ஒரே ஓர் ஆசனம்தான். எண்ணியதில் பிழை எதுவும் இல்லை. ஒரு கடதாசியும் பேனாவும் இருந்தால் யாரும் சரிபார்க்கலாம். சரிபார்க்கத் தொடங்கினால்தான் இந்தக் கணக்குக்குள் ஒளிந்திருக்கும் அதிசயங்கள் தெரியவரும்.

முதலில் எல்லை. கிளிநொச்சி வாக்காளர்கள் இந்தக் கணக்கில் இல்லை. அவர்கள் வாக்கு யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு சேரும். வன்னித் தேர்தல் மாவட்டம் என்பது வவுனியா, முல்லைத்தீவு, மன்னார் மூன்றும் சேர்ந்தது.

அங்கே அந்த முறை செல்லுபடியான வாக்குகள் சுமார் 207,800. இதில் 5 சதவீதத்தைத் தொடாத கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் முதலிலேயே கழிக்கப்படும். இந்த எல்லைக்கு வெட்டுப்புள்ளி என்று பெயர். தப்பியவை நான்கு: தமிழரசுக் கட்சி 69,916, பொதுஜன பெரமுன 42,524, ஐக்கிய மக்கள் சக்தி 37,883, ஈபிடிபி 11,310. மொத்தம் 161,633. அப்படியானால் கழிக்கப்பட்டவை 46,000க்கும் மேல்! சிதறிப்போன அந்த வாக்குகள் ஒரே சின்னத்தில் விழுந்திருந்தால் இரண்டாம் இடம் பிடித்திருக்கும்.

அடுத்து, முதலிடம் பிடித்த கட்சிக்கு ஓர் ஆசனம் போனஸாகப் போகும். எஞ்சிய 5 ஆசனங்களால் 161,633ஐ வகுத்தால் 32,327 வரும் (பின்னம் வந்தால் அடுத்த முழு எண்). இதை ஆசன அளவு என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆசனத்துக்கு இவ்வளவு வாக்கு வேண்டும் என்பது பொருள். இனி நடப்பது நெல்லை மூடை கட்டுவது போன்றதுதான். தமிழரசுக் கட்சிக்கு இரண்டு மூடை நிறைகிறது, 5,262 மிச்சம். பெரமுனவுக்கு ஒன்று, மிச்சம் 10,197. ஐக்கிய மக்கள் சக்திக்கு ஒன்று, மிச்சம் 5,556. ஈபிடிபிக்கு ஒரு மூடைகூட நிறையவில்லை. ஆகவே அதன் 11,310 வாக்குகளும் மிச்சம்தான்.

கொடுக்க ஓர் ஆசனம் பாக்கி இருக்கிறது. யாரிடம் மிச்சம் அதிகமோ அவருக்கே அது. 1,113 வாக்கு வித்தியாசத்தில் ஈபிடிபி வென்றது.

போனஸ் முறையே இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும்? போட்டுப் பாருங்கள். 6ஆல் வகுத்தால் ஆசன அளவு 26,939. தமிழரசுக் கட்சிக்கு இரண்டு நிறைந்து 16,038 மிஞ்சும். பெரமுனவுக்கு ஒன்று நிறைந்து 15,585 மிஞ்சும். கடைசி இரண்டு ஆசனங்களும் இந்த இரு மிச்சங்களுக்கே போகும். தமிழரசுக் கட்சிக்கு அப்போதும் மூன்று, பெரமுனவுக்கு இரண்டு, ஈபிடிபிக்கு ஒன்றும் இல்லை. முதலிடத்துக்குப் பரிசாக வைத்த போனஸ், முதலிடத்துக்கு எதையுமே கூட்டவில்லை. இரண்டாம் இடத்திலிருந்து ஓர் ஆசனத்தை எடுத்து நான்காம் இடத்திடம் கொடுத்துவிட்டது! என்னை அதிகம் வியக்கவைத்தது இதுதான்.

இவ்வளவு சுற்று எதற்கு? பழைய முறை செய்த அநியாயத்தைப் பார்த்தால் விளங்கும். தொகுதிக்கு ஒருவர் என்று தெரிந்தெடுத்த 1970 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி சுமார் 37.9 சதவீத வாக்கு எடுத்து 17 ஆசனம் பெற்றது. அதைவிட ஒரு சதவீதம் குறைவாக எடுத்த சுதந்திரக் கட்சிக்கு 91 ஆசனம். 1977இல் தராசு மறுபக்கம் சாய்ந்தது: ஏறக்குறைய 30 சதவீதம் எடுத்த சுதந்திரக் கட்சி 8 ஆசனத்தில் சுருங்க, வடகிழக்கில் ஒருமித்து வாக்குப் பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணி சுமார் 6 சதவீதத்தில் 18 ஆசனம் வென்று எதிர்க்கட்சியானது. அதன்பின் 1978 அரசியலமைப்பு விகிதாசார முறையைக் கொண்டுவந்தது. வெட்டுப்புள்ளி அதில் பன்னிரண்டரை சதவீதம். 1988இல்தான் 5 ஆகக் குறைந்தது. பழைய வெட்டுப்புள்ளி இருந்திருந்தால் 5.44 சதவீதம் எடுத்த ஈபிடிபி கணக்குக்குள்ளேயே வந்திராது.

தொகுதிமுறையை நமக்குத் தந்த பிரித்தானியா இன்னும் அதைக் கைவிடவில்லை. 2024 யூலையில் தொழிற்கட்சி 33.7 சதவீத வாக்கில் 650 ஆசனங்களில் 411ஐ அள்ளியது. 14.3 சதவீதம் எடுத்த ரிஃபோர்ம் கட்சிக்கு 5, 12.2 சதவீதம் எடுத்த லிபரல் ஜனநாயகக் கட்சிக்கு 72. வாக்கு நாடெங்கும் பரந்து கிடந்தால் நட்டம், சில இடங்களில் குவிந்தால் லாபம். இத்தனைக்கும், மொத்த வாக்கை ஆசனங்களால் வகுக்கும் நம்முடைய கணக்கு, 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தோமஸ் ஹெயர் என்ற ஆங்கிலேய வழக்கறிஞரின் பெயரால் அறியப்படுவது.

வன்னியில் 2024 நவம்பரில் கதை மாறியது. தேசிய மக்கள் சக்தி 39,894 வாக்குகளோடு முதலிடம் பிடித்து, போனஸோடு 2 ஆசனம் பெற்றது. ஐக்கிய மக்கள் சக்தி, தமிழரசுக் கட்சி, ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி, இலங்கைத் தொழிற்கட்சி ஆகிய நான்குக்கும் ஆளுக்கு ஒன்று. 2020இல் ஒரே சின்னத்தில் நின்றவர்கள் இம்முறை தமிழரசுக் கட்சியாகவும் கூட்டணியாகவும் பிரிந்து நின்றார்கள். கிடைத்தவை 29,711, 21,102. கூட்டினால் 50,813. பிரிந்தாலும் சேர்ந்தாலும் ஆதரவாளர்கள் அப்படியே வாக்களிப்பார்கள் என்று சொல்லமுடியாது. ஆனால் அதே வாக்குகள் ஒரே பெட்டியில் விழுந்திருந்தால் போனஸ் இடம் மாறியிருக்கும்: சேர்ந்தவர்களுக்கு 3, தேசிய மக்கள் சக்திக்கு 1.