உங்களுக்குத் தெரியுமா? பெரிய அணிகளைச் சாய்த்த ரோசெஸ்டர்

அமெரிக்காவின் முதல்நிலைக் கால்பந்து லீக்கான எம்.எல்.எஸ். 1996-இல் தொடங்கியது. அதற்குப் பிறகு பல நிலை அணிகளும் மோதும் யு.எஸ். ஓப்பன் கோப்பையை வென்ற கீழ்நிலை அணி ஒன்றே ஒன்றுதான்: நியூயார்க் மாநிலத்தின் ரோசெஸ்டர் நகர அணியான ரோசெஸ்டர் ரைனோஸ். 1999-இல் சிகாகோ, டல்லாஸ், கொலம்பஸ் என எம்.எல்.எஸ். அணிகளை வரிசையாகச் சாய்த்துவிட்டு, இறுதியாட்டத்தில் கொலராடோவை 2-0 என வீழ்த்தினார்கள். அப்போது அவர்களுக்குச் சொந்த மைதானம்கூடக் கிடையாது. உள்ளூர் பேஸ்பால் மைதானத்தில் கோடு போட்டு ஆடியவர்கள்! 2006-இல் தனி ஸ்டேடியம் எழுந்தது. ஆனாலும் மேல் லீக்கை எட்டவில்லை. அங்கே வெற்றியால் ஏற முடியாது. பெருந்தொகை கட்டித்தான் இடம் வாங்க வேண்டும். சிறிய ஊர்களுக்கு இது பெரிய அநீதி. 2023-இல் அந்த அணி மூடப்பட்டது.